மண் துரியோதனன்

உருக்காலையில் கொதிக்கும் இரும்புக் குழம்புத் தொட்டி சங்கிலி அறுந்து விழுந்து துளசிராமன் வெந்து செத்தான். பக்கத்தில் நின்ற சடையப்பன் ஒருவன்தான் விசாரிக்க வந்த அதிகாரியிடம் வாயைத் திறந்தான்.

"சங்கிலி தேஞ்சு போச்சுன்னு ரெண்டு மாசமா சொல்லிக்கினே இருந்தோம் சார். யாரும் மாத்தல."

அந்த வாரமே ஆலைக்குப் பூட்டு விழுந்தது. ஊரிலிருந்து கும்மிடிப்பூண்டிக்கு ரயிலேறிப் போன நாற்பது ஆண்களும் வேலையில்லாமல் உட்கார்ந்தார்கள். டீக்கடையில் சடையப்பனுக்கு டீ கொடுப்பதை நிறுத்தினார்கள். தண்ணீர் லாரி வந்தால் அவன் மனைவி கங்கம்மாவின் குடத்தைக் காலால் தள்ளிவிட்டார்கள்.

சித்திரையில் திரௌபதியம்மன் திருவிழா வந்தது. பாரதப் போரின் கடைசி நாளுக்காக, கோயில் மைதானத்தில் துரியோதனனை முப்பது அடி நீளத்துக்கு மண்ணால் படுக்கவைப்பார்கள். பீமன் வேஷம் கட்டியவர் அவன் தொடையைப் பிளப்பார். உள்ளே புதைத்த பானையிலிருந்து செந்நீர் கொட்டும். அதைத் தொட்டுத் திரௌபதி கூந்தல் முடிவாள். அதற்கு முன், வீட்டுக்கொரு பெண் அவனைத் துடைப்பத்தால் அடிக்க வேண்டும்.

இந்த வருஷம் துரியோதனனுக்குக் கிரீடம் இல்லை. மஞ்சள் ஹெல்மெட் இருந்தது. சடையப்பனின் இடது கன்னத்துத் தீக்காயத் தழும்பை யாரோ பொறுமையாக அந்த மண்ணில் செதுக்கியிருந்தார்கள்.

கூட்டம் சிரித்தது. ஓரமாக நின்றிருந்த சடையப்பனுக்குப் போய்விடலாம் என்றிருந்தது. போனால் குற்றத்தை ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும் என்று நின்றான்.

முதல் துடைப்பத்தைத் துளசிராமனின் மனைவி தமிழ்செல்வியிடம் கொடுத்தார்கள். அவள் மண் முகத்தைப் பார்த்தாள். நின்றவனையும் பார்த்தாள்.

"அடிம்மா," என்றார் கோயில் தர்மகர்த்தா அப்பாவு. "உன் தம்பியும்தான் ஊட்ல குந்திக்கினு கீறான்."

அவள் மண் முகத்தின் வாயிலேயே அடித்தாள். உதடு பெயர்ந்து விழுந்தது.

கடைசியாகக் கங்கம்மாவைக் கூப்பிட்டார்கள்.

"நான் மாட்டேன்."

"மாட்டியா?" என்றார் அப்பாவு. "அப்ப உங்க ஊடு இந்த ஊரோட சேத்தி இல்ல. நாளைக்கு உம்பொண்ணு கல்யாணத்துக்கு எவன் வரான்னு பாக்கறேன்."

கங்கம்மா புருஷனைப் பார்த்தாள். அடித்துவிடு என்று அவன் தலையசைத்தான்.

அவள் மண் உருவத்தின் காலில் லேசாகத் தட்டினாள்.

"மூஞ்சில!" என்று கத்தினார்கள்.

முகத்தில் ஒரு அடி வைத்தாள். அதுவும் மெதுவாகத்தான். அடுத்தது அப்படி இல்லை. குச்சிகள் சிதறும்வரை அடித்தாள்.

"உன்ன யாரு பேசச் சொன்னது? இன்னாத்துக்குய்யா பேசுன? எங்கள நெனச்சியா நீ?"

அப்பாவுதான் அவள் கையைப் பிடித்து விலக்கினார். பிறகு பம்பை முழங்கியது. பீமன் தொடையைப் பிளந்தான். தர்மம் ஜெயித்தது என்று எல்லோரும் கைகூப்பினார்கள்.

வீட்டில் கங்கம்மா அவனுக்குச் சோறு போட்டாள். அவன் சாப்பிட்டான்.

மறு வாரம் ஆலையைத் திறந்து, சடையப்பனைத் தவிர எல்லோரையும் சேர்த்துக்கொண்டார்கள். துளசிராமன் நின்ற இடத்தில், தொட்டிக்கு அடியில், தமிழ்செல்வியின் தம்பியை நிறுத்தினார்கள்.