டிக்டிக் மாமாவின் டேங்க் மூடி

அந்த மஞ்சள் லைட்டுக்கு வாய் மட்டும் இருந்திருந்தால் மெக்கானிக் அதன் காலில் விழுந்தே கேட்டிருப்பான், அப்பா சாமி, உனக்கு என்னதான் வேண்டும் என்று. மாமனாரின் டாக்சியில், ஸ்டீரிங்குக்குப் பின்னால், என்ஜின் படம் போட்ட சின்ன லைட் அது. ஸ்கேனரைச் செருகி அழித்தால் அணையும். மாமனாரும் சிரித்த முகமாய் வண்டியை எடுத்துக்கொண்டு போவார். இரண்டு மூன்று நாள் கழித்துப் பார்த்தால் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு பட்டறை வாசலில் நிற்பார்.

"மாப்ளே, மறுபடி வந்துட்டான்."

ஸ்கேனர் ஒவ்வொரு தடவையும் ஒரே பாட்டைத்தான் பாடியது: பெட்ரோல் டேங்கிலிருந்து ஆவி எங்கேயோ கசிகிறது. எங்கே என்று மட்டும் சொல்லாது. சொல்லிவிட்டால் அப்புறம் மெக்கானிக் எதற்கு? அவனும் வால்வை மாற்றினான், ஹோஸ்களை மாற்றினான், டேங்குக்கு அடியில் மல்லாந்து படுத்து விரல் நுழைகிற இடமெல்லாம் தடவினான். குழாய்க்குள் புகை விட்டும் பார்த்தாயிற்று. கசிவு இருந்தால் அந்த இடத்தில் புகை எட்டிப் பார்க்க வேண்டும். ஒரு இழைகூட வரவில்லை. வண்டியில் ஓட்டை என்று சொன்னால் வண்டிக்கே கோபம் வரும், அப்படி இருந்தது.

இந்த மாதிரிக் கசிவுக்கு எவனும் முதலில் பார்ப்பது டேங்க் மூடியைத்தான். அவனும் பார்த்தான். கழற்றி, ரப்பர் வளையத்தைத் துடைத்து, தன் கையாலேயே இறுக்கித் திருகினான். சந்தேகத்துக்குப் புது மூடி ஒன்றும் வாங்கிப் போட்டான். புகை விடும்போதெல்லாம் மூடி அவன் கையால் இறுகியே இருந்தது. அதற்கு மேல் அந்தப் பக்கம் அவன் புத்தி போகவில்லை. எப்படிப் போகும்? மூடி விஷயத்தில் மாமனார் ஒரு தனிப் பிறவி. பங்க்கில் மூடியை யார் கையிலும் கொடுக்க மாட்டார். அரைகுறையாய்த் திருகிவிடுவார்கள் என்று தானே இறங்கி, டிக் டிக் டிக் என்று மூன்று சத்தம் கேட்கும்வரை திருகுவார். டாக்சி ஸ்டாண்டில் கண்ணில் பட்டவனுக்கெல்லாம் இதைப் பாடம் எடுத்து எடுத்து அவருக்கு டிக்டிக் என்றே பேர் நிலைத்துவிட்டது. அப்படிப்பட்டவரிடம் போய், மாமா மூடியைச் சரியாக மூடுகிறீர்களா என்று கேட்க எந்த மாப்பிள்ளைக்கு நாக்கு எழும்?

வீட்டில் அவன் மானம் கப்பலேறிக்கொண்டிருந்தது. ஊரான் வண்டியெல்லாம் இவர் கைபட்டதும் ஓடுகிறது, எங்கப்பா வண்டி என்றால் மட்டும் கை வராது என்று மனைவி சோறு போடும்போது ஒரு தடவை, பாத்திரம் கழுவும்போது ஒரு தடவை சொல்வாள். நடுவில், கூடவே இருக்கும் அப்பாவையும் விட மாட்டாள். போட்ட சட்டையைக் கழற்றாமல் அப்படியே படுத்துக்கொள்கிறாராம், என்ன பழக்கமோ, கேட்டால் காலையில் வேலை மிச்சம் என்கிறாராம். அவனுக்கு அதையெல்லாம் காதில் வாங்கத் தெம்பில்லை. காலை நீட்டினால் போதும் என்றிருக்கும். கண்ணை மூடினால் இமைக்குள்ளும் அந்த மஞ்சள் லைட் எரியும்.

இப்போது கத்தி கழுத்துக்கே வந்துவிட்டது. டாக்சி கம்பெனிக்காரர்கள் முடிவாகச் சொல்லிவிட்டார்கள்: வெள்ளிக்கிழமை சோதனையில் லைட் எரிந்தால் வண்டிக்குச் சவாரி கிடையாது. மாமனாருக்கு அந்த வண்டிதான் எல்லாம். மாமியார் போன பிறகு வீட்டுக்குள் எந்த நாற்காலியிலும் அரை மணி சேர்ந்தாற்போல் உட்காராத மனுஷர், அந்த ஓட்டுநர் சீட்டில் மட்டும் நாள் பூராவும் உட்காருவார். அதைப் பறித்தால் ஆள் எப்படி இருப்பார் என்று நினைக்கவே மெக்கானிக்குக்குப் பயமாக இருந்தது.

வியாழக்கிழமை பட்டறையைச் சாத்திவிட்டு, ஸ்கேனரை மடியில் வைத்துக்கொண்டு மாமனார் பக்கத்து சீட்டில் ஏறி உட்கார்ந்தான். ஒரு நாள் பூரா கூடவே வருகிறேன், எங்கே எப்போது வருகிறது என்று பார்த்துவிடலாம் என்றான். மாமனாருக்கு அது அவ்வளவாகப் பிடிக்கவில்லை. உங்களுக்கு எதுக்கு மாப்ளே வீண் அலைச்சல் என்று இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார்.

வண்டி ஓடியது. கியரை அவர் விரலால் பிடிக்காமல் உள்ளங்கையால் தள்ளினார். வயசானவர்களுக்கு ஆளுக்கொரு பாணி இருக்கும், அவன் கண்டுகொள்ளவில்லை. சரிவில் நிறுத்தியபோது கை பிரேக்கை இழுக்காமல் கியரிலேயே விட்டுவிட்டு இறங்கினார். அதையும் அவன் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஸ்கேனர் எண்களையே பார்த்துப் பார்த்துக் கண் பூத்துப் போனது.

மதியம் பங்க்கில் நிறுத்தினார். நீங்கள் உட்காருங்கள், வெயிலாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு இறங்கினார். பெட்ரோல் போட்ட ஆள் அடுத்த வண்டிக்கு நகர்ந்தான். மெக்கானிக் சும்மாதான் பக்கவாட்டுக் கண்ணாடியைப் பார்த்தான். மாமனார் மூடியை டேங்க் வாயில் வைத்து வலது கையால் திருகினார். விரல்கள் வழுக்கின. இடது கையை வைத்தார். அதுவும் வழுக்கியது. அக்கம்பக்கம் ஒரு பார்வை பார்த்தார். பிறகு இரண்டு உள்ளங்கையையும் சேர்த்து வைத்து அமுக்கிக் கொஞ்சம் திருப்பினார். மூடி ஏதோ உட்கார்ந்தது. அதை மறைக்கிற சின்னக் கதவைச் சாத்தி ஒரு தட்டுத் தட்டிவிட்டு வந்தார்.

"டிக் டிக் டிக்," என்றார், பெல்ட்டை மாட்டாமலே. "போலாமா மாப்ளே?"

சத்தம் ஒன்றுகூடக் கேட்கவில்லை. ஜன்னல் கண்ணாடி இறங்கித்தான் இருந்தது, காதும் நல்ல காதுதான்.

மெக்கானிக்குக்கு முதலில் வந்தது கோபம். சும்மா சொல்லக் கூடாது, நல்ல கோபம். பிறகு அது எங்கே போனதென்று தெரியவில்லை. பங்க்கை விட்டுத் தள்ளி, டயருக்குக் காற்றடிக்கிற இடத்தில் ஓரங்கட்டச் சொன்னான்.

"கையைக் காட்டுங்க மாமா."

"நீங்க வண்டியைப் பார்க்கத்தானே வந்தீங்க?"

அவன் கையை நீட்டினான். அவர் வெளியே பார்த்தார். பிறகு வலது கையைக் கொண்டுவந்து அவன் கையில் வைத்தார். கட்டைவிரலுக்குக் கீழே இருக்க வேண்டிய சதை வற்றிக் குழி விழுந்திருந்தது. அழுத்திப் பிடிக்கச் சொன்னான். பிடித்தாரா இல்லையா என்றே அவனுக்குத் தெரியவில்லை.

"தெரிஞ்சே என்னை இத்தனை நாளா டேங்குக்கு அடியில படுக்க வெச்சீங்களே மாமா."

"நீங்க ஏதாவது கண்டுபிடிச்சிடுவீங்கன்னு நெனச்சேன்," என்றார். கொஞ்சம் நிறுத்தி, "வேற ஏதாவது," என்றார்.

 அவரே தொடர்ந்தார். இப்போதெல்லாம் மூடியே இல்லாத டேங்க் வருகிறதாமே, பெட்ரோல் போடுகிற துப்பாக்கியை எடுத்ததும் தானே மூடிக்கொள்கிறதாமே, அதில் ஒன்றைப் போட்டுவிட்டால் என்ன என்று கேட்டார். விசாரித்து வைத்திருக்கிறார். போடலாம்தான். லைட் அணைந்துவிடும், வெள்ளிக்கிழமை சோதனையும் தாண்டிவிடும், வீட்டில் அவனுக்கும் தலை நிமிரும்.

"மூடியை மாத்திடலாம். ஸ்டீரிங்கை யாரு மாமா பிடிக்கிறது? பின்னாடி சீட்டுல ஆள் ஏறுதே."

அவர் தலையை மட்டும் ஆட்டினார். அது அவருக்கே தெரிந்ததுதான். சாவியை எடுக்கப் போனார், திருகி எடுக்க வரவில்லை, அவனே எடுத்தான்.

"வீட்டுல கைன்னு சொல்லிடாதீங்க மாப்ளே. அவ எனக்குச் சோறு ஊட்ட ஆரம்பிச்சிடுவா. வண்டி தேறலைன்னு சொல்லிடுங்க."

நாளைக்கே டாக்டரிடம் வருவதாக இருந்தால் அப்படியே சொல்கிறேன் என்றான் அவன். சரி என்றார். அவன் இறங்கிப் போய் மூடியை இறுக்கினான். டிக், டிக், டிக். உள்ளே இருந்தவருக்கும் கேட்டிருக்கும். பிறகு ஸ்கேனரில் அழித்தான், லைட் அணைந்தது. வீட்டுக்கு வண்டியை அவனே ஓட்டினான். 

வீட்டில் செருப்பைக் கழற்றும்போதே சொல்லிவிட்டான்.

"என்னால முடியல. வண்டி தேறாது."

மனைவி பிடித்துக்கொண்டாள். எங்கப்பா பிழைப்பில் மண் விழுந்தது, உங்களுக்கு என்ன வந்தது என்றாள். கைராசி இல்லாதவர் என்று முதல் நாளே சொல்லியிருந்தால் வேறு பட்டறைக்காவது போயிருப்போம் என்றாள். அவன் சுவரில் சாய்ந்து அத்தனையையும் வாங்கிக் கட்டிக்கொண்டான். வாங்கிக்கொள்வதில் பாரம்கூடத் தெரியவில்லை, அவ்வளவு களைப்பு. மாமனார் ஜன்னல் ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். அரை மணிக்கு மேலாயிற்று, எழுந்திருக்கவில்லை.

"மெக்கானிக்காம் மெக்கானிக்கு," என்று அவள் அடுத்த சுற்றுக்கு மூச்சு வாங்கினபோது அவர் கூப்பிட்டார்.

"இங்க வாம்மா. இந்தச் சட்டை பட்டனைக் கழட்டி விடு."

"ஏன், உங்க கைக்கு என்ன வந்துச்சு?" என்று அதே வேகத்தில் திரும்பினாள் மகள்.

"அதைத்தாம்மா மாப்ளே இன்னைக்குக் கண்டுபிடிச்சாரு," என்றார் அவர்.