என் வீட்டுக்காரருக்கு அக்கா பொருத்திய சொல்

என் வீட்டுக்காரருக்கு அக்கா பொருத்திய ஆங்கிலச் சொல் 'இன்டிஃபரென்ட்'. பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் நடத்துகிறவள், சும்மா சொல்லிவிட்டுப் போவாளா? "அதுக்கு ரெண்டு அர்த்தம்டி. எதையும் கண்டுக்காத ஆளுன்னு ஒண்ணு. சுமார் ரகம்னு இன்னொண்ணு. உன் ஆளுக்கு ரெண்டுமே பொருந்துது," என்றாள். எனக்குச் சுருக்கென்றது.

ஆனால் மனுஷர் அப்படித்தான். சமையலறைக் குழாய் பிய்த்துக்கொண்டு வீடே மிதந்தபோது, "மெயின் வால்வை மூடு" என்று சொல்லிவிட்டு, செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துக்கொண்டிருந்தவர். ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறையில் போன் எடுக்கும் வேலை. நாள் முழுக்க அலறல் கேட்டுக் கேட்டு மரத்துப்போய்விட்டார் என்று நானே சமாதானம் சொல்லிக்கொள்வேன். அவரைக் கேட்டால், "எங்க குரல் ஏறினா அந்தப் பக்கம் கை நடுங்கும்," என்பார். அது ஆபீசில் சரி. வீட்டில் என்ன வந்தது?

அன்று காலை, எங்களோடு இருக்கும் அப்பா சவரம் செய்துவிட்டு முகம் கழுவ எழுந்தவர், குளியலறை வாசலிலேயே சரிந்தார். பேச்சில்லை, மூச்சில்லை. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அவசர எண்ணை அழுத்தினேன். எத்தனையோ பேர் உட்கார்ந்திருக்கும் அந்த அறையில் என் போனை எடுத்தது இவர்.

"ஆம்புலன்ஸ் சேவை. சொல்லுங்க."

"என்னங்க, நான்தான். அப்பா விழுந்துட்டாரு. மூச்சு வரலங்க."

ஒரு கணம் சத்தமே இல்லை. பிறகு அதே உப்புச்சப்பில்லாத குரல். "விலாசம் சொல்லுங்க."

யார் வீட்டு விலாசத்தை யாரிடம் கேட்கிறார்? அதுவும் 'ங்க' போட்டு. கல்யாணமான நாளிலிருந்து எனக்குக் கிடைக்காத மரியாதை. பற்றிக்கொண்டு வந்தது எனக்கு. "நம்ம வீடுதாங்க," என்று கத்தினேன்.

"கதவு நம்பர், தெரு, மாடி. சொல்லுங்க."

சொல்லித் தொலைத்தேன்.

"வண்டி கிளம்பிடுச்சு. ஸ்பீக்கர்ல போடுங்க. நெஞ்சுக்கு நடுவுல ரெண்டு கையையும் வச்சு பலமா அழுத்துங்க. நான் எண்ணறேன், அதே வேகத்துல."

எண்ணினார். நான் அழுதுகொண்டே அழுத்தினேன். கை ஓய்ந்தபோதெல்லாம் "நிறுத்தாதீங்க" என்றார். வண்டியில் வந்தவர்கள் அப்பாவைத் தங்கள் பொறுப்பில் எடுத்துக்கொண்டதும், "சரிங்க" என்று போனை வைத்துவிட்டார். 'பயப்படாதே' என்று ஒரு வார்த்தை? மூச்.

அப்பாவுக்கு நாடி திரும்பிவிட்டது, பிழைத்துக்கொள்வார் என்று மருத்துவமனையில் சொன்னார்கள். ஓடிவந்த அக்காவிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். "நான்தான் அப்பவே சொன்னேனே," என்று சொல்லிவிட்டு அவள் அப்பாவைப் பார்க்க உள்ளே போனாள்.

ஷிப்டைப் பாதியில் விட்டுவிட்டு இவர் வந்து சேர்ந்தார். அப்பா எப்படி இருக்கிறார் என்று சொல்லிவிட்டு, மனதில் இருந்ததைக் கேட்டேவிட்டேன். "ஏங்க, ரூலு ரூலுன்னு கட்டிக்கிட்டு அழுவீங்களே, சொந்த வீட்டு விலாசத்தை என்கிட்டயா கேக்கணும்? நான் என்ன யாரோ எவளோவா?"

அவர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

"ரூல் எல்லாம் இல்லடி. அப்பா விழுந்துட்டாருன்னு நீ சொன்னதும் எனக்கு எல்லாம் மறந்துபோச்சு. தெருப் பேரு வரல, நம்பர் வரல. வண்டிய எங்க அனுப்பறதுன்னே தெரியல. அதைச் சொன்னா நீ உடைஞ்சுபோயிருப்ப. அதான் எல்லாரையும் கேக்கற மாதிரி கேட்டேன்."

இந்த மனுஷரையா நான் இத்தனை நேரம் அக்காவிடம் வறுத்தெடுத்தேன்?

"கீழ கவுன்ட்டர்லயும் விலாசம் கேட்டாங்க," என்றார். "இப்பவும் சொல்ல வரல. நம்ம வீடு என்ன நம்பர்?"

"பதினேழு," என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். கண்ணிலிருந்து வழிந்ததைத் துடைத்துக்கொள்ளக்கூட இல்லை.

"மூணாவது மாடி," என்றேன், அவர் கையைப் பிடித்துக்கொண்டு.