அனுமதிக்கு ஓர் அனுமதி

தலைமை அலுவலகத்திலிருந்து அந்த உத்தரவு வந்த அன்று எங்கள் கல்லூரிக் கொள்முதல் பிரிவின் கொட்டேஷன் அக்கா பாதிச் சாப்பாட்டில் டப்பாவை மூடி வைத்துவிட்டார். இனிமேல் குறிப்பிட்ட தொகை வரைக்கும் கல்லூரிக்கு வேண்டிய சாமான்களைக் கல்லூரியே பார்த்து வாங்கிக்கொள்ளலாம், மேலே கேட்க வேண்டியதில்லை, விலை குறைந்ததைத்தான் எடுக்க வேண்டும் என்கிற கட்டாயமும் இல்லை, தேர்ந்தெடுத்த காரணத்தைக் கோப்பில் எழுதி வைத்தால் போதும் என்று ஒன்றரைப் பக்கத்தில் இருந்தது. வேதியியல் ஆய்வகத்துக்குப் பொறுப்பான வாத்தியார் நான். படித்துவிட்டுத் துள்ளிக் குதிக்காத குறை. அக்கா மூன்று முறை படித்தார். பிறகு கணினி முன்னால் உட்கார்ந்து, இந்த அனுமதியைப் பயன்படுத்திக்கொள்ள அனுமதி தரும்படி தலைமை அலுவலகத்துக்கே ஒரு கடிதம் அடித்து அனுப்பிவிட்டார்.

அவரைக் குறை சொல்லி என்ன செய்ய? இருபத்தொன்பது வருஷமாகக் கொள்முதல் பிரிவில் ஒரே நாற்காலி. மூன்று கடைகளில் விலை கேட்பார், குறைந்த விலையைச் சுற்றிச் சிவப்பு மையில் வட்டம் போடுவார், கோப்பை மேலே அனுப்புவார். பத்து மாதம் கழித்துப் பதில் வரும். வீட்டுக்குக் குடை வாங்கினாலும் மூன்று கடை ஏறி இறங்கித்தான் வாங்குவார். 'என்னைக் கட்டிக்கிட்டதுதான் இவ கொட்டேஷன் வாங்காம செஞ்ச ஒரே காரியம், அதான் இப்படி மாட்டிக்கிட்டா' என்று அவர் வீட்டுக்காரரே சொல்லிச் சிரிப்பார். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் சம்பள ஆணை எங்கோ சிக்கிக்கொண்டு மூன்று மாதம் கையில் காசில்லாமல் திண்டாடியபோது, யாரும் சொல்லாமலே தினமும் ஒரு டப்பா கூடுதலாகக் கட்டிக்கொண்டு வந்தவர் அவர்தான். அதனால் அவரைக் கிண்டல் செய்யும் உரிமை எனக்கு உண்டு என்று நினைத்துக்கொள்வேன்.

ஆனால் அந்த முறை கிண்டல் வரவில்லை, கோபம்தான் வந்தது. சிவப்பு வட்டம் போட்டு வந்த கண்ணாடி பீக்கர்கள் சூடு தாங்காமல் வரிசையாக உடைந்துகொண்டிருந்தன. போன பருவத்தில் இரண்டாம் ஆண்டுப் பெண் ஒருத்தி பிடித்திருந்தபோதே ஒன்று வெடித்து, கொதிநீர் அவள் மணிக்கட்டில் கொட்டிவிட்டது. செய்முறைத் தேர்வுக்கு மூன்று வாரம் இருந்தது. நாற்பது பிள்ளைகள், நம்பிக் கொடுக்கக்கூடிய பீக்கர் பதினொன்று. அக்காவின் மேஜைக்குப் போய், அந்தப் பெண்ணின் கை வெந்ததையும் சொல்லிச் சத்தம் போட்டேன். அவர் பதிலுக்குச் சத்தம் போடவில்லை.

"எனக்கு இன்னும் எட்டு மாசம்தான் சார் சர்வீஸ். வெல கொறஞ்சத விட்டுட்டு ஏன் இத எடுத்தேன்னு ஆடிட்ல கேட்டா நான் எதக் காட்டுவேன்? பென்ஷன நிறுத்தி வச்சிட்டா யார்கிட்ட போய் நிப்பேன்?"

உத்தரவைக் காட்டுங்கள் என்றேன். அதில் காரணம் எழுதச் சொல்லியிருக்கிறதே என்றார். "இத்தன வருஷத்துல நான் ஒரு காரணமும் எழுதினதில்ல சார். யாரும் எழுத விட்டதும் இல்ல."

நாலாம் நாள் தலைமை அலுவலகத்தின் பதில் வந்தது. உத்தரவின்படி நடந்துகொள்ளவும் என்று ஒரே வரி. மறுநாள் காலை பத்தரை மணிக்கு, மூன்று கடைகளில் மாதிரிக்கென்று கேட்டு வாங்கிய பீக்கர்களை அட்டைப் பெட்டியில் தூக்கிக்கொண்டு மூச்சு வாங்க ஆய்வகத்துக்குப் படியேறி வந்தார். தான் வாங்கிக் கொடுத்த சாமான்கள் இருக்கும் இடத்தை முதல் தடவையாக அப்போதுதான் பார்க்கிறார். எரிவாயு நாற்றத்துக்கு மூக்கைச் சுளித்துக்கொண்டு, அலமாரிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தபடி நடந்தார். இந்தத் தராசு நான் வாங்கினது, இந்த ஸ்டூல் நான் வாங்கினது என்று தனக்குள்ளேயே சொல்லிக்கொண்டார்.

மூன்றிலும் தண்ணீர் ஊற்றிக் கொதிக்க வைத்தோம். ஒன்றும் ஆகவில்லை. அக்காவின் முகம் தெளிந்தது. இந்தக் குறைந்த விலைக்காரனும் நன்றாகத்தானே இருக்கிறான் என்று என்னைப் பார்த்தார். ஆய்வக உதவியாளர் பேசாத மனிதர், இருபது வருஷமாக உடைந்ததைப் பெருக்குகிறவர். அவர்தான் இடுக்கியோடு முன்னால் வந்தார்.

"பிள்ளைங்க இப்படி அலுங்காம வச்சிருக்க மாட்டாங்கம்மா."

பிள்ளைகள் செய்வதுபோலவே கொதிக்கிற பீக்கரை எடுத்து, ஈரமான கல்மேடைமேல் வைத்தார். முதலாவது தாங்கியது. இரண்டாவதும் தாங்கியது. மூன்றாவது, விலை குறைந்தது, டிக்கென்று சின்னதாக ஒரு சத்தம் போட்டு அடி கழன்றது. கொதிநீர் மேடையில் ஓடி விளிம்பில் வழிந்து அக்காவின் செருப்புக்குப் பக்கத்தில் விழுந்தது. அவர் பின்னால் நகர்ந்துகொண்டார். தண்ணீரைப் பார்த்தபடியே கேட்டார்.

"அந்தப் பொண்ணுக்கு எந்தக் கை சார்?"

வலது கை, இப்போது ஆறிவிட்டது என்றேன். ஆறிவிட்டது என்று இன்னொரு முறையும் சொன்னேன். அவர் தலையாட்டினார், கண் கலங்கியிருந்தது. சத்தம் போட்டதற்கு மன்னிப்புக் கேட்க வேண்டும்போல எனக்கு இருந்தது, கேட்கத் தெரியவில்லை.

உதவியாளர் துடைப்பத்தை எடுத்தார். அக்கா கையை நீட்டித் தடுத்தார்.

"தொடாதீங்க. இது ரெக்கார்டு."

துண்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கித் துணியால் துடைத்து, தடிமனான பழுப்பு உறையில் போட்டு ஒட்டினார். கோப்பில் பதின்மூன்றாம் பக்கத்துக்குப் பின்னால் அதைச் சேர்த்து, உறையின் மூலையில் பதினான்கு என்று இலக்கமிட்டார். பிறகு என் மேஜையிலேயே உட்கார்ந்து குறிப்பு எழுதினார். மூன்று வரி எழுத முக்கால் மணி நேரம் ஆனது. குறைந்த விலைக்குக் கிடைப்பது உடைந்துவிட்டது. துண்டுகள் பதினான்காம் பக்கத்தில் உள்ளன. மாணவர்கள் கையில் கொடுப்பதற்கு இரண்டாவது கடையின் பீக்கரை வாங்க வேண்டும் என்பது என் கருத்து. 'என் கருத்து' என்பதை ஒருமுறை அடித்து, பிறகு மேலே மறுபடி எழுதி, திருத்தத்துக்குச் சுருக்கொப்பம் வைத்திருந்தார்.

வழக்கமாகக் கோப்புகளை அலுவலக உதவியாளரிடம் கொடுத்தனுப்புவார். அன்று கொடுக்கவில்லை. கோப்பை மார்போடு அணைத்துக்கொண்டு முதல்வர் அறைக்குத் தானே நடந்தார். நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு அடிக்கும் கோப்பு கிணுகிணுத்தது. நடைபாதையில் நின்ற பிள்ளைகள் பேச்சை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்து வழிவிட்டார்கள். முதல்வர் அறைக் கதவருகே ஒரு நிமிஷம் நின்றார். பிறகு தோளால் கதவைத் தள்ளிக்கொண்டு, அந்தச் சத்தத்தோடு உள்ளே போனார்.