நூற்று எண்பதாவது நாள்

தகர டப்பாவுக்கு மூடி அடிக்கும் ஆலையில் நான் பாதுகாப்பு அதிகாரி. அந்த யோசனை என்னுடையதுதான். நூற்று எண்பது நாள் யாருக்கும் அடிபடாமல் போனால், எல்லாருக்கும் குடும்பத்தோடு கடற்கரைச் சுற்றுலா. ஒருவருக்கு அடிபட்டாலும் மறுபடி ஒன்றிலிருந்து எண்ணவேண்டும். மேலாளர் முதுகில் தட்டிக்கொடுத்தார்.

முதலில் நன்றாகத்தான் இருந்தது. சிந்திய எண்ணெயைச் சொல்லாமலே துடைத்தார்கள். பிறகு முதலுதவிப் பெட்டியில் பஞ்சு செலவாவதே நின்றுபோனது. அதையும் கூட்டத்தில் பெருமையாகச் சொன்னேன். பூனை கண்ணை மூடிக்கொண்ட கதைதான்.

நூற்று எழுபத்தாறாம் நாள். தகட்டை அழுத்தி வெட்டும் பிரஸ் பிரிவில் பத்தொன்பது வருடமாக இருக்கும் பெண்மணி ஒருவர், சின்னவர் பெரியவர் எல்லாருக்குமே பெரியக்கா. வாய் ஓயாதவர் அன்று பேசவில்லை. அவருடைய இடது கையுறை புடைத்திருந்தது. உள்ளே துணி சுற்றியிருக்கிறார் என்று பார்த்ததுமே தெரிந்தது. கேட்க வாயெடுத்தேன். கேட்டால் பதில் வரும். பதில் வந்தால் பதிவேட்டில் எழுதவேண்டும். சாப்பிட்டீர்களா என்று கேட்டுவிட்டு நகர்ந்துவிட்டேன்.

சுற்றுலாவுக்குப் போனோம். பிள்ளைகள் அலையில் குதித்துக் கூத்தடித்தார்கள். பெரியக்காவுக்குக் காய்ச்சல், வரவில்லை என்றார்கள். திரும்பி வந்த பிறகுதான் விஷயம் தெரிந்தது. தகடு கிழித்த இடத்தில் சீழ் பிடித்து, ஆள்காட்டி விரலையே எடுத்துவிட்டார்கள்.

மருத்துவமனையில் அவருடைய மகள் என் முகத்தைப் பார்க்காமல் நாற்காலியை மட்டும் இழுத்துப் போட்டாள். ஏன் சொல்லவில்லை என்று பெரியக்காவிடம் கேட்டேன். கேட்கும்போதே நாக்குக் கூசியது.

"நாலு நாள்தானே சார் இருந்துச்சு. பக்கத்து மெஷின்காரி புள்ளைங்களுக்குப் புதுத்துணியே எடுத்துட்டா. என்னாலதான் கெட்டுச்சுன்னு பேர் வரக் கூடாதுல்ல."

"நான் உங்க கையப் பார்த்தேன்க்கா. பார்த்துட்டுத்தான் போனேன்."

"தெரியும் சார்," என்றார். "இத்தனை வருஷத்துல நீங்க என்னைச் சாப்பிட்டீங்களான்னு கேட்டதே இல்ல. அன்னைக்குத்தான் கேட்டீங்க."

மகள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மறுநாள் அறிக்கையில் நான் பார்த்ததையும் சேர்த்தே எழுதினேன். அந்த ஒரு வரியை எடுத்துவிடலாமே என்றார் மேலாளர். மறுத்தேன். அதற்காக என்னை யாரும் மெச்சவேண்டாம். எழுதவேண்டிய நாள் எப்போதோ போய்விட்டது. பரிசுத் திட்டத்தை நிறுத்தினோம். எதைச் சொன்னாலும் யாருக்கும் நட்டமில்லை, ஆளைக் குறை சொல்லாமல் முதலில் மெஷினைத்தான் பார்ப்போம் என்று ஒவ்வொரு பிரிவாகப் போய்ச் சொன்னேன். ஒரே வாரத்தில் பதினான்கு பேர் பழைய காயங்களைக் காட்டினார்கள். பெரியக்காவின் பிரஸ்ஸில் கை உள்ளே போகாமல் காக்கும் தடுப்புத் தகடு உடைந்து ஆறு வாரமாகியிருந்தது. பிரிவில் எல்லாருக்கும் தெரியும். ஆளுக்காள் மென்று விழுங்கியிருக்கிறார்கள்.

மூன்று மாதம் கழித்து அவர் திரும்பி வந்தார், மூடிகளைச் சரிபார்க்கும் மேசைக்கு. பழையபடி எல்லாரோடும் வாயடிக்கிறார். என்னோடும்தான். ஏசியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.