தெருப் பக்கத்து அறை

ஐந்து குடும்பங்கள் ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிடும் வீடு அது. வாடகை பொது, பாத்திரம் பொது, சண்டையும் பொது. பொது விஷயம் எதையும் ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டில்தான் பேசுவார்கள். பேசி முடிக்காமல் யாரும் எழுந்து கை கழுவக் கூடாது என்பது அவர்களாக வைத்துக்கொண்ட சட்டம்.

அன்றைக்கு எல்லோர் கையும் காய்ந்துகொண்டிருந்தது.

தெருப் பக்கத்து அறை காலியாகியிருந்தது. கீழே குடியிருக்க அது ஒன்றுதான் அறை. மற்றது சமையலறை, குளியலறை. முறைப்படி அது ஊசியக்காவுக்கு. தையல் வேலையால் வந்த பெயரா, வாயால் வந்த பெயரா என்று யாரும் அவளிடம் கேட்டதில்லை. மூன்றாம் மாடியில் மெஷின் போட்டிருந்தாள். துணி கொண்டு வருகிறவர்கள் பாதிப் படியிலேயே மூச்சு வாங்கித் திரும்பிவிடுவார்கள். கீழே ஓர் அறை, வாசலுக்கு மேலே ஒரு போர்டு. அதற்காக வருஷக்கணக்காகக் காத்திருந்தாள்.

இந்த நேரம் பார்த்தா பெயிண்டர் சாரத்திலிருந்து விழ வேண்டும்? நாளைக்கு ஆஸ்பத்திரியிலிருந்து வருகிறார், இரண்டு காலிலும் கட்டோடு. அவர் குடும்பம் இருப்பதும் மூன்றாம் மாடியில்தான்.

யாரும் அவளிடம் அறையைக் கேட்கவில்லை. அதுதான் அவளுக்கு ஆத்திரம்.

"நாங்க மேலயே இருந்துக்கிறோம்க்கா," என்றாள் பெயிண்டரின் மனைவி. "நாலு பேர் பிடிச்சா தூக்கிட்டுப் போயிடலாம்."

"குளிக்க, வெளிய போக?" என்றாள் ஊசியக்கா.

"அதுக்கும் நாலு பேர்தான்."

"இந்த வீட்டு நாலு பேரைத்தான் பாக்கறேனே. கண்டக்டர் காய்கறிப் பையைத் தூக்கினாலே ரெண்டு நாள் தோள் வலிங்கறார்."

"தோள் இல்லம்மா, முதுகு," என்றார் கண்டக்டர். இரண்டு பேர் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

அறையை எடுத்து அவள் கடை போட்டால், அந்த வாசலைத் தாண்டித்தான் தினமும் அவரைத் தூக்கிப் போவார்கள். என்றைக்காவது ஒருத்தர் கால் வழுக்கும். மெஷினை நிறுத்திவிட்டு அவள் அந்தச் சத்தத்தைக் கேட்க வேண்டும். எலும்பு கூடட்டும் என்று விட்டுக்கொடுத்தாலோ, அதற்குள் எதிர் வரிசையில் எவளாவது கடை போட்டுவிடுவாள். அப்புறம் அறை கிடைத்து என்ன?

"எனக்குத்தான் வேணும்னு சொன்னா என்ன பண்ணுவீங்க?"

"என்ன பண்றது? சாமானைக் கீழ இறக்கித் தருவோம். உன் முறைதானே," என்றார் கண்டக்டர். குத்தலே இல்லாமல் சொன்னார். ஒரு வார்த்தை குத்தியிருந்தால் அவளும் சண்டை போட்டு வாங்கியிருப்பாள்.

விரலில் ஒட்டிய சோறு இறுகிவிட்டது.

"அவரையே கீழ படுக்க வைங்க," என்றாள். "ஆனா எனக்கு நல்ல மனசு, தங்க மனசுன்னு எவராவது ஆரம்பிச்சீங்க, சட்டைக் கையை மூடித் தைச்சுக் குடுத்துடுவேன்."

முதல் ஆளாக எழுந்து கை கழுவினாள். மாடிக்குப் போய் மெஷின் முன்னால் உட்கார்ந்தாள். ஊசியில் நூல் கோக்கத் தோன்றவில்லை. கீழே கட்டிலை இழுக்கும் சத்தம் நின்று நின்று கேட்டது. பொறுத்துப் பார்த்தாள். பிறகு இறங்கிப் போனாள்.

"அந்த மூலையில போடாதீங்க. மத்தியானம் வெயில் மூஞ்சியிலேயே அடிக்கும். ஜன்னலோரம் போடுங்க. காத்து வரும், சாயங்காலம் வரைக்கும் வெளிச்சமும் இருக்கும்."

"உங்களுக்கு எப்படிக்கா தெரியும்?" என்றாள் பெயிண்டரின் மனைவி.

மெஷினுக்கென்று அவள் மனதில் குறித்து வைத்திருந்த இடம் அது. ஊசியக்கா குனிந்து கட்டிலின் ஒரு காலைப் பிடித்தாள்.

"இழுக்காதீங்க, தூக்குங்க. தரை கீறும்."