ஆண் ராஜாளி கொடுத்த காடை

எங்கள் வீட்டு ஆண் ராஜாளிக்கு நான்தான் பெண்டாட்டி. சிரிக்காதீர்கள். முட்டையை விட்டு வந்த நாளிலிருந்து என் கையால் தின்று வளர்ந்தவன், வேறு பறவையோடு பழகியதே இல்லை. குளிர் குறைந்து ஜோடி சேரும் பருவம் தொடங்கினால் போதும், பெடையிடம் போவது போலத் தலையைத் தாழ்த்திக் கூப்பிட்டுக்கொண்டே வந்து, காடைக் கறியை என் உள்ளங்கையில் வைப்பான். நானும் குனிந்து, அவனைப் போலவே குரல் கொடுத்து வாங்கிக்கொள்வேன். நாலு வருஷமாக ஊருக்குத் தெரியாமல் நடந்த குடித்தனம் இது.

போன வெள்ளிக்கிழமை என் மனைவியின் அண்ணன் கானிம், சிநேகிதர்கள் இரண்டு பேரோடு வந்தார். அரபுக் காப்பியான காவா குடித்துவிட்டு, வேட்டைக்குப் போகும் பெரிய பெண் ராஜாளிகளைப் பார்த்தார்கள். அப்புறம் இவன் அறைக்குள் நுழைந்தார்கள்.

"என்ன மச்சான், இத்தினியூண்டு இருக்கான்? முயலைக் கண்டா இவன்தான் ஓடுவான் போல!"

அதற்குள் இவன் ஒரு காடைத் தொடையைக் கவ்விக்கொண்டு, குனிந்து குனிந்து என்னை நோக்கி வந்தான்.

"அட, சோறு கொண்டாந்து தர்றான்யா!"

"புருஷன் சம்பாதிச்சுட்டு வந்திருக்காரு, வெக்கப்படாம வாங்கிக்க மச்சான்!"

மூவரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். எனக்குக் காதெல்லாம் எரிந்தது. "கிறுக்குப் புடிச்ச சனியன். இந்த வாரமே வித்துத் தொலைக்கிறேன்" என்று புறங்கையால் தள்ளினேன். சுவரில் மோதி விழுந்தான். கறியை மட்டும் விடவில்லை.

சிரிப்பு நின்றது. "ஏன் மச்சான் தள்ளுன? நாங்க சும்மா வெளையாட்டுக்குத்தான..." என்றார் கானிம். எனக்குச் செத்துவிடலாம் போலிருந்தது.

அடிபட்டவன் இனி என்னிடம் வராமலே போகலாம் என்று தெரியும். மூன்று நாள் முதுகைக் காட்டியே உட்கார்ந்திருந்தான். நான் குனிந்தேன், கூப்பிட்டேன், கெஞ்சினேன். அசையவில்லை.

நாலாம் நாள் காலையில் மெல்லத் திரும்பினான். நான் வைத்திருந்த காடைத் தொடையைக் கவ்வினான். இரண்டடி வந்து நின்றான், என் கையையே பார்த்தான். பயம். பிறகு தலையைத் தாழ்த்திக் கூப்பிட்டான். எனக்குக் கண் கலங்கிவிட்டது. பதிலுக்குக் குனிய வேண்டியதுதான் பாக்கி.

ஆனால் நான் முதலில் திரும்பி, வாசலில் யாராவது நிற்கிறார்களா என்று பார்த்தேன்.