மதிலில் முட்டிய சுண்ணாம்புக் கோடு

2025 ஜூன் 12, வியாழன்

என் அளவு தவறு. ஞாயிறன்று தெரு முழுக்க, "நம்ம வீடுங்க கோட்டுக்கு வெளியதான் கீது" என்று சொல்லிவிட்டேன்.

கூவம் கரையிலிருந்து முப்பது மீட்டர் பச்சைப் பகுதி, அதற்குள் எதையும் கட்டவோ மாற்றவோ கூடாது என்கிறது புதிய நில விதிகளின் வரைவு. தெளிவாகத் தெரியட்டும் என்று அதன் வரைபடத்தை ஜெராக்ஸ் கடையில் பெரிதாக்கி வாங்கினேன். கறுப்பு வெள்ளையில் நிறம் தெரியவில்லை. ஓரத்தில் அச்சிட்டிருந்த அளவுவிகிதத்தை வைத்தே ஸ்கேலால் அளந்தேன். தாள் பெரிதானால் தூரமும் பெரிதாகத்தானே வரும்? மாலை வகுப்பில் கட்டட வரைபடம் படிக்கிறவள் செய்யக் கூடாத தவறு. நேற்று வகுப்புக் கணினியில் வண்ணப் படத்தைப் பார்த்ததும்தான் உறைத்தது. பருத்திப்பட்டில் எங்கள் கரையோர வரிசை முழுவதும் வீடுகளின் பின்பக்கம் பச்சை.

என் பேச்சை நம்பி எங்கள் வரிசையிலிருக்கும் லோகநாயகி அக்கா கூரையின் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டைக் கழற்றிவிட்டார். நாளை கான்கிரீட் தளம் போடுகிறார்கள். இன்று வகுப்புக்குப் போகாமல் அவர் வீட்டுக்குப் போனேன். கொத்தனார் யூசுப் அண்ணன் தளத்துக்குக் கம்பி கட்டிக்கொண்டிருந்தார்.

"அக்கா, தப்பா அளந்துட்டேன். உன் வூடு உள்ள வருது."

"எவ்ளோ உள்ள?"

"பின்னால சமையக்கட்டு மட்டும்."

"அப்போ ஆக்கறது தப்பு, தூங்கறது தப்பில்ல. சூப்பரா கோடு போட்டுக்கிறானுங்க!" என்றார் யூசுப் அண்ணன்.

அக்கா சிரிக்கவில்லை. "பக்கத்து ஃபிளாட்டு இன்னா கலரு?"

"மஞ்சள். அங்க கட்டலாம்."

"அதுவும் இதே கரதானே எழிலு? அவுங்களப் பாத்தா மட்டும் ஆறு ஒதுங்கிப் போவுதா?"

யூசுப் அண்ணனின் அளவு டேப்பை எடுத்தேன். "மறுபடி அளக்கலாங்கா. தாள்ல வேணாம், தரையில."

யூசுப் அண்ணன் டேப்பின் நுனியைக் கரைமேட்டில் அழுத்திப் பிடித்தார். என்மேல் எனக்கே நம்பிக்கை இல்லாததால் ஒவ்வொரு முறையும் அக்காவையும் எண்ணைப் படிக்கச் சொன்னேன். அஸ்திவாரம் குறிப்பதைப் போல நூல் கட்டிச் சுண்ணாம்புத் தூள் தூவினோம். கோடு சமையலறையைத் துண்டித்து, வரிசை வீடுகளைக் கடந்து, ஃபிளாட்டின் பக்க மதிலில் முட்டியது. மதிலுக்குள்ளே, கோட்டுக்கும் ஆற்றுக்கும் நடுவில், நீச்சல்குளத்துக்குப் பள்ளம் தோண்டிக்கொண்டிருந்தார்கள்.

காவலாளி ஓடி வந்தார். "யம்மா, இங்கல்லாம் கோடு போடக் கூடாது."

"நாங்க போடல நைனா, ஆபீஸ்ல போட்டது. பாதியில நிக்குது பாரு. கேட்டத் தொற, முழுசாப் போட்டுட்டுப் போறோம்" என்றார் அக்கா.

காவலாளி திறக்கவில்லை. மீதிச் சுண்ணாம்பை அக்கா தண்ணீரில் குழைத்து, மதிலில் மேலிருந்து கீழாக ஒரு பட்டை இழுத்தார். "பச்ச எங்க மஞ்சளாவுதுன்னு எல்லாருக்கும் தெரியட்டும்."

திரும்பும்போது, "தளத்த நிறுத்திடலாமாக்கா?" என்று கேட்டேன்.

"எதுக்கு? வரைவுன்னா இன்னும் சட்டம் ஆவலதானே? நாளைக்கு ஆபீசருங்க கருத்து கேக்குற கூட்டத்துல நீதான் பேசுற."

"மறுபடி தப்பா சொல்லிட்டேன்னா?"

"டேப்ப எடுத்துகினு போ. நம்பாதவன் வந்து அளக்கட்டும்."

நாளை: விடிந்ததும் அக்கா வீட்டில் கலவைச் சட்டி தூக்க வேண்டும். பதினோரு மணிக்குக் கருத்துக்கேட்புக் கூட்டம். முதலில் என் தவறான அளவைச் சொல்ல வேண்டும். பிறகு அதிகாரிகளைக் கோட்டைப் பார்க்கத் தெருவுக்குக் கூப்பிட வேண்டும். டேப்பை மறக்கக் கூடாது.